கடுந்தொய்வும் ஊசிமருந்துச் சோதனையும்

மருந்தொன்று சோதனையிலே தோல்வியுற்றது எனக் கூறப்படும்போது, தோல்வியுற்றது மருந்தா, அன்றி அதனைச் சோதித்த முறையா என நாம் வினவுதல் வேண்டும். ஆஸ்துமா எனவும் வழங்கும் தொய்வுநோய்க்குரிய மெப்பொலிசுமாப் என்னும் ஊசிமருந்தின் வரலாறு இவ்வினாவின் இன்றியமையாமையை நன்கு புலப்படுத்துகின்றது.

தொய்வுநோயாளர் பலரின் சுவாசக்குழாய்களில் இயோசினோபில் எனப்படும் வெண்குழியங்கள் மிகுந்து அழற்சியை வளர்க்கின்றன. இவை முதிர்வதற்கும் நிலைத்திருப்பதற்கும் இன்ரலூக்கின்-5 என்னும் புரதம் துணைபுரிகின்றது. அப்புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரியே மெப்பொலிசுமாப். குழியங்கள் குறைந்தால் நோயும் தணியும் என்பது எதிர்பார்ப்பு.

2000ஆம் ஆண்டில், இலேசான தொய்வுடையோரிடையே நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. குருதியில் இயோசினோபில்கள் குறைந்தன. சுவாசக்குழாய்களின் மிகையுணர்வோ குறையவில்லை. 2007இல் வெளியான, 362 நோயாளரைக் கொண்ட ஆய்வும் குறிப்பிடத்தக்க நன்மை எதனையும் காட்டவில்லை. இக்குழியங்களுக்கும் தொய்வுக்கும் உள்ள தொடர்பே ஐயத்துக்குள்ளாயிற்று.

ஆயின், அவ்வாய்வுகளிற் பங்குபற்றியோர் இயோசினோபில் மிகுதியை அடிப்படையாகக் கொண்டு தெரிவுசெய்யப்பட்டவரல்லர். 2009இல் இங்கிலாந்தின் லெஸ்ரரிலிருந்தும் கனடாவின் ஹமில்ரனிலிருந்தும் வெளியான ஆய்வுகள் வேறுவழி சென்றன. ஸ்ரெரொயிட் மருந்து பெற்றும் சளியில் இக்குழியங்கள் மிகுந்திருந்தோரையே அவை தெரிந்தெடுத்தன. லெஸ்ரர் ஆய்வில் 61 நோயாளர் ஓராண்டளவு அவதானிக்கப்பட்டனர். கடுந்தாக்கங்களின் சராசரி, போலிமருந்து பெற்றோரிடையே 3.4 ஆகவும், மெப்பொலிசுமாப் பெற்றோரிடையே 2.0 ஆகவும் இருந்தது. எனினும் நாளாந்த அறிகுறிகளில் பெரும் மாற்றமில்லை. ஆகவே யாரைச் சோதிக்கின்றோம் என்பதோடு எதனை அளக்கின்றோம் என்பதும் முடிவினை நிருணயிக்கின்றது.

2014இல் வெளியான, 576 நோயாளரைக் கொண்ட ஆய்வில், நான்கு வாரத்துக்கொருமுறை தோலின்கீழ் ஏற்றப்பட்ட 100 மில்லிகிராம் மருந்து கடுந்தாக்கங்களை 53 சதவீதம் குறைத்தது. 2015 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

தொய்வு ஒரு பெயர். அப்பெயருள் அடங்கும் நோய்கள் பல. அவற்றை ஒன்றாகத் திரட்டிக் கணித்த சராசரி, பயன்பெறக்கூடியோரை மறைத்துவிட்டது. எனினும், பயன்பெறக்கூடியோரை இனங்கண்டதோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. இவர்களை இனங்காணக் குருதிப் பரிசோதனை பெரிதும் உதவும். அதற்கான செலவு சிறிது. மருந்துக்கோ அமெரிக்காவில் ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் டொலர் விலை குறிக்கப்பட்டுள்ளது. வாங்க இயலாதோர் ஸ்ரெரொயிட் மாத்திரைகளையே நம்பி, என்புத்தேய்வையும் நீரிழிவையும் எதிர்நோக்குகின்றனர். யாருக்குப் பயன்படும் என்ற வினாவுக்கு விஞ்ஞானம் விடை கண்டுவிட்டது. யாருக்குக் கிடைக்கும் என்ற வினாவுக்குச் சமுதாயமே விடைகூறல் வேண்டும்.