தோசைக்கல்லாகும் குட்டி லேப்டாப்... கத்தரி வெயிலில் பேட்டரியைக் காப்பாற்றுவது எப்படி?

ஷீட் போட்ட மாடி அறை. நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை. கம்பெனி பஸ் நைட் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, தலையணை மேல் லேப்டாப்பை வைத்து டி.என்.பி.எஸ்.சி வகுப்பு ஓடும். பத்து நிமிடத்தில் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல்லாகிவிடும். சார்ஜரைப் பிடுங்கினால் பாடம் முடிவதற்குள் திரை அணைந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

இத்தனைக்கும் இது லேப்டாப் பிறக்கும் ஊர். டெல் நிறுவனம் 2007-லேயே ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. ஹெச்பி லேப்டாப்கள் 2021 முதல் இங்குள்ள ஃபிளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. ஆனால், பல லேப்டாப்களின் கையேட்டில் 'சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கும். மே மாத மதியத்தில் ஷீட் கூரைக்குக் கீழே 35 டிகிரிக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டில் பல வீடுகளின் முதல் கம்ப்யூட்டர், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததுதான். 2025-26 பட்ஜெட்டிலும், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவிப்பு வந்தது. லேப்டாப்பை அரசு கொடுத்துவிடும். பேட்டரி செத்தால் அடுத்ததை வாங்குவது வீட்டுக் காசில்தான்.

பேட்டரியைக் கொல்வது சூடு மட்டுமல்ல, சூடும் ஃபுல் சார்ஜும் சேர்ந்த கூட்டணி. லித்தியம் பேட்டரி பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: 25 டிகிரியில், 40 சதவிகித சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால், பேட்டரியின் கொள்ளளவில் சுமார் 4 சதவிகிதம் போகும். அதையே 40 டிகிரியில், 100 சதவிகித சார்ஜோடு வைத்திருந்தால் சுமார் 35 சதவிகிதம் காலி. நாள் முழுக்க சார்ஜரை மாட்டியே வைத்திருக்கும் லேப்டாப் கிட்டத்தட்ட இரண்டாவது நிலையில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, சார்ஜை 80 சதவிகிதத்தில் நிறுத்துவது. காசு செலவில்லை. லெனோவாவில் வான்டேஜ் ஆப்பில் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கும். டெல்லில் 'பிரைமரிலி ஏசி யூஸ்', ஹெச்பியின் சில மாடல்களில் பயாஸுக்குள் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்'. ஏசர், ஆசஸ் லேப்டாப்களிலும் அந்தந்த நிறுவனத்தின் ஆப்பில் இதுபோன்ற வசதி உண்டு. வெளியூர் போகும் நாளில் மட்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியே இல்லாத பழைய லேப்டாப் என்றால், 80 தாண்டியதும் நீங்களே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

'பேட்டரியை முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்' என்று சொல்லும் அண்ணன் எல்லாத் தெருவிலும் உண்டு. அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பாடம். லித்தியத்துக்கு அடிக்கடி பூஜ்ஜியம் வரை இறங்குவது கெடுதல். சூடு தணிய ஃபிரிட்ஜில் வைப்பது, ஈரத்துணி விரிப்பது எல்லாம் அதைவிட மோசம். உள்ளே ஈரம் சேர்ந்தால் போர்டே போய்விடும்.

அடுத்தது, லேப்டாப் தானே கிளப்பும் சூடு. சின்ன, ஒல்லியான லேப்டாப்பில் ஃபேன் சின்னது, சிலவற்றில் ஃபேனே கிடையாது. காற்று பெரும்பாலும் அடிப்பக்கத் துளை வழியாகத்தான் உள்ளே போகும். மெத்தையும் தலையணையும் அதை அடைத்துவிடும். ஒரு பரீட்சை அட்டையோ, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியோ போதும். கூலிங் பேட் வாங்குவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பல லேப்டாப்களில் இதனால் 'டர்போ' வேகம் நின்றுவிடும். பிராசஸர் வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால்தான் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சூடு நிறையக் குறைகிறது. வகுப்பு பார்க்க, டைப் செய்ய வித்தியாசமே தெரியாது. அந்த ஆப்ஷன் காணவில்லை என்றால், பவர் மோடை 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி'யில் வையுங்கள். திரை வெளிச்சத்தையும் குறையுங்கள்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி ஜன்னல் திறந்தால் அறைக்குள்தான். அது ஃபேனில் படிந்து அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்துத் துடையுங்கள். நாலைந்து வருடம் ஆன லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

பேட்டரி உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா? கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை வரும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு வந்துவிட்டால் புது பேட்டரிக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம். வாங்கும்போது ஐ.எஸ். 16046 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லும் கேளுங்கள்.

டச்பேட் மேலே தூக்கினாலோ, மூடி சரியாகப் படியவில்லை என்றாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது மேலே சொன்ன எதுவும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள், அழுத்திப் பார்க்காமல், குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. 'இதை எடுத்துக்கொள்வீர்களா' என்று சென்டரிலேயே கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.