வரி இங்கே, திடல் எங்கே?

பங்குனி பிறந்துவிட்டால் விருதுநகர் வேறு ஊராகிவிடுகிறது! பருப்பு மூட்டை, எண்ணெய் டின், மிளகாய் வற்றல் நெடி என்று ஆண்டு முழுதும் கணக்கும் கையுமாக இருக்கிற ஊர், அந்தச் சில நாள்களில் மட்டும் பேரேட்டை மூடிவிட்டுச் சிரிக்கிறது. சென்னைக்கும் கோவைக்கும் பிழைக்கப்போன பிள்ளைகள் ஊர் திரும்புகிறார்கள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், அதையொட்டிப் பொருட்காட்சி. ராட்டினம் சுழல்கிறது. பலூன்காரன் ஊதல் ஊதுகிறான். மிளகாய் பஜ்ஜி கொதிக்கிற எண்ணெயில் மிதக்கிறது. சிவகாசியிலோ பங்குனியில் ஒரு பொங்கல் போதாது என்று, சித்திரையில் பத்திரகாளியம்மன் பொங்கல் வேறு! கந்தகமும் கரிமருந்தும் மணக்கும் அந்த ஊரில் மல்லிகை மணக்கிற நாள்கள் அவை.

ஊர் திரண்டது, மகிழ்ந்தது. வாழ்த்துகிறோம்! ஆனால் தோழரே, ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிச் சென்ற மறுநாள் மாலை, நேற்று அதிலே சுற்றிவந்த சிறுவன் எங்கே போவான்? தெருவிலே பந்தடித்தால் வண்டி வரும். வீட்டிலே அடித்தால் அம்மாவின் கை வரும். ஆண்டிலே சில நாள் கேளிக்கை. மற்ற நாளெல்லாம் கைக்குள் அடங்கிய கைப்பேசித் திரை! இதுதான் ஒரு நகரம் தன் மக்களுக்குத் தருகிற பொழுதுபோக்கா?

இந்தக் கேள்வியை விருதுநகரிலும் சிவகாசியிலும் கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. கூடுவதற்கு ஓர் இடம் என்பதன் அருமையை, இடம் மறுக்கப்பட்டதால் கற்ற மண் இது! உழைத்தார்கள், வாணிபம் செய்தார்கள், வளர்ந்தார்கள். ஆயினும் கோயில் வாயிலில் நில் என்றார்கள். அந்தப் பிணக்கு முற்றி 1899இல் சிவகாசியில் கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கமுதிக் கோயில் வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் அங்கேயும் கதவு திறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1939இல்தான்!

அதுவரை அந்த மக்கள் அழுதுகொண்டா இருந்தார்கள்? இல்லை! தன் கையே தனக்குதவி என்று, தங்கள் கோயிலைத் தாங்களே நடத்தினார்கள்; தங்கள் பேட்டையைத் தாங்களே அமைத்தார்கள்; தங்கள் பள்ளியைத் தாங்களே கட்டினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் கொடுத்ததா, சமீன்தார் கொடுத்தாரா? மகமை! பேட்டைக்கு வரும் சரக்குக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தங்கள்மீது தாங்களே விதித்துக்கொண்ட வரி. வீட்டிலே உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள் தாய்மார்கள். அந்தப் பிடி அரிசி பள்ளிக்கூடமாயிற்று! பின்னாளில் நாட்டை ஆண்ட ஒரு சிறுவன் படித்த பள்ளி அது.

மகமையில் ஒரு மாண்பு உண்டு. கொடுத்தவன் கண்ணுக்குக் கொடுத்த காசு தெரியும். இதோ என் மூட்டைக் காசில் எழுந்த சுவர் என்று விரல் நீட்டிச் சொல்வான். ஆகவே முகம் சுளிக்காமல் கொடுத்தான். இன்று நகராட்சிக்குச் சொத்துவரி கட்டுகிறவன் எந்தச் சுவரை நோக்கி விரல் நீட்டுவான்? எந்த மரநிழலைக் காட்டி, இது என் வரியில் வளர்ந்தது என்பான்? மகமைக்கும் நகராட்சி வரிக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

நகராட்சி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விருதுநகர் 1915 முதல் நகராட்சி. அன்று அதன் பெயர் விருதுபட்டி. பட்டி என்பது போதாது, நகர் என்று நிமிர்ந்து நிற்போம் என்று 1923இல் பெயர் மாறிற்று. சிவகாசிக்கு 1920இல் நகராட்சித் தகுதி கிடைத்தது. 1941இல், சிறையில் இருந்தபோதே, விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் காமராசர். விடுதலையாகி வந்தார், பதவியைத் துறந்தார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. நாம் அவர் முகாமைச் சேர்ந்தவர்கள் அல்லர். தேர்தல் களத்தில் எதிர்நின்றவர்கள். ஆயினும் சொல்கிறோம்: நகராட்சி நாற்காலியை அவர் எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பதற்கு, அதில் உட்காராமல் எழுந்து போனதே சான்று!

திடல் என்றால் பந்தாட்டத்துக்கு மட்டுமா? விருதுநகரின் தேசபந்து மைதானத்தைக் கேளுங்கள். 1956ஆம் ஆண்டு சூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார் ஒரு முதியவர், கதராடை அணிந்த காந்தியவாதி. தமிழ்நாடு என்று இந்த மாநிலத்துக்குப் பெயரிடுக என்பது உள்ளிட்ட கோரிக்கைகள் அவருடையவை. தேசபந்து மைதானத்தில் அவர் படுத்திருந்தார். மக்கள் வந்து வந்து கண்டார்கள். அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. சங்கரலிங்கனார் என்ற அந்தப் பெயரைத் தமிழன் மறக்க முடியுமா? 1967 சூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு, தமிழ்நாடாயிற்று. அந்தத் திடல் இல்லையென்றால் அந்த முதியவர் எங்கே படுத்திருப்பார்? யார் கண்டிருப்பார்? பந்து உருள்கிற இடத்தில்தான் மாநிலத்தின் பெயரும் பிறந்தது. திடல் இல்லாத ஊரில் குரலும் இராது!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பூங்காவும் விளையாட்டுத் திடலும் நகராட்சி மனமிரங்கி அளிக்கும் தானமா? அன்று! 1992இல் நிறைவேறி 1993 முதல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. குடிநீர் அதிலே இருக்கிறது, சாலை இருக்கிறது, சுகாதாரம் இருக்கிறது. அதே வரிசையில், அதே மரியாதையோடு, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் என்பதும் இருக்கிறது. பண்பாடு, கல்வி, கலையுணர்வு வளர்த்தல் என்பதும் தனியே இருக்கிறது.

வரிக் கணக்கையும் பார்ப்போம். கொட்டகைக்குப் போய்ச் சினிமாப் பார்க்கிறான் தொழிலாளி. கட்டணத்தோடு கேளிக்கை வரியும் கட்டுகிறான். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வரி உள்ளாட்சிக்கு உரியது. மகிழ்ச்சிக்கு வரி வாங்குகிறீர்களே ஐயா, அந்த மகிழ்ச்சிக்கு ஓர் இடம் தர வேண்டாமா? இரண்டரை மணி நேரம் இருட்டிலே உட்கார்ந்ததற்கு வரி கொடுத்தவன், ஒரு மணி நேரம் வெளிச்சத்திலே காற்று வாங்க இடம் கேட்டால் குற்றமா?

இடம் இல்லை என்பார்கள். ஏன் இல்லை? 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக உள்ள நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கிடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. பெரிதல்லாத மனைப்பிரிவுகளில் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி வைத்திருக்கிறார்கள். விருதுநகரைச் சுற்றியும் சிவகாசியைச் சுற்றியும் எத்தனை நகர்கள், எத்தனை காலனிகள் முளைத்தன! ஒவ்வொன்றின் வரைபடத்திலும் பச்சை வண்ணம் தீட்டிய ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பச்சைக் கட்டம் இன்று தரையிலே என்னவாக இருக்கிறது? பூங்காவா, முட்காடா, அல்லது யாரோ ஒருவருடைய கொட்டகையா? பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூர் வழக்கொன்றில் உச்சநீதிமன்றமே 1991இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே இடம் இல்லை என்றால், மற்றவற்றுக்கு ஏது இடம்?

"குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கூத்தாட இடம் கேட்கிறீரே!" என்று ஒருவர் குறுக்கிடுவார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. கரிசல் பூமி இது. ஆனைக்குட்டம் அணை வறண்டால் விருதுநகர் வாடும். வெம்பக்கோட்டை அணை வறண்டால் சிவகாசி வாடும். குடம் தூக்கிய தாயின் துன்பம் நமக்குத் தெரியாததல்ல. தண்ணீர் முதலில், மறுக்கவில்லை. ஆனால் முதலாவது என்றால் இரண்டாவது உண்டு என்றுதானே பொருள்? தண்ணீரைக் காட்டித் திடலை மறுக்கிறவர்கள், தண்ணீரையாவது தாராளமாகத் தந்தார்களா? மேலும், கட்டிடம் எழும்பாமல் காலியாகக் கிடக்கிற மண்தான் மழைநீரைக் குடிக்கும். திடலைக் காப்பது நிலத்தடி நீரையும் காப்பதுதான்.

இனி, யாருக்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். மாளிகையிலே மாடித்தோட்டம் வைத்திருப்போருக்காக அல்ல. சிவகாசியில் தீக்குச்சி அடுக்கியவர்களுக்காக, திரி செருகியவர்களுக்காக, அச்சகத்திலே தாள் மடித்தவர்களுக்காக. ஓர் உராய்வு, ஒரு பொறி, ஒரு கணக் கவனப்பிசகு போதும்! 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடு கண்டது. நாடெல்லாம் மத்தாப்பு சிரிக்க, நாளெல்லாம் அச்சத்தோடு அமர்ந்து உழைக்கிறவர்கள் இவர்கள். 2018இல் உச்சநீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தபின், வேலை எத்தனை நாளோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஊராருடைய திருவிழாவுக்கு ஒளி செய்து கொடுக்கிறவன் தெருவில் மாலை நேரத்துக்கு ஒரு விளக்குக் கம்பம் வேண்டாமா?

குழந்தைகளை நினையுங்கள். விடியுமுன்னே வண்டியேறித் தீப்பெட்டி ஒட்டப்போன பிஞ்சுகளின் ஊர் என்று உலகம் ஒரு காலத்தில் சிவகாசியைச் சுட்டிற்று. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்றது. அன்று விளையாடாமலே வளர்ந்த சிறுமி இன்று தாய், பாட்டி. அவள் பேரன் பள்ளிக்குப் போகிறான், வெற்றிதான். ஆனால் பள்ளி விட்டபின் அவன் ஓட ஒரு திடல் இல்லையென்றால் அந்த வெற்றி பாதிதானே?

நகராட்சி நினைத்தால் என்ன செய்யும்? 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்திற்று! கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க முடியாத ஏழைக்கும் இசை கேட்கச் செய்தது. ஐரோப்பாவில் வியன்னா நகராட்சி, 1919 தொடங்கி 1934 வரை, தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது வீட்டோடு நிற்கவில்லை; நூலகம், நீச்சல் குளம், குழந்தைகள் ஆடும் முற்றம் என்று சேர்த்தே கட்டிற்று. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். போரில் தோற்றுப் பசியில் வாடிய நகரம் அது! பணம் இருந்து செய்யவில்லை. மனம் இருந்து செய்தது.

இங்கே 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி! கேட்பதற்கு உறுப்பினர் இல்லை. பதில் சொல்ல மன்றம் இல்லை. அந்த இடைவெளியிலேயே, 2021இல், சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சியாயின. 2022 தேர்தலில் அந்த மாநகராட்சிக்கு 48 உறுப்பினர்கள் வந்தார்கள். விருதுநகருக்கு 36 பேர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கின. இனி, கேட்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம்மவர் மன்றத்தில் இருந்தாலும் கேட்போம். நம்மவர் என்பதால் இரண்டு மடங்கு கேட்போம்!

கேட்பதும் வானத்தை அல்ல. ஒவ்வொரு வட்டத்திலும் பொது ஒதுக்கிடம் எத்தனை, எங்கே, எந்த நிலையில் என்ற பட்டியலை நகராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கேளிக்கை வரியாக வந்தது எவ்வளவு, பூங்காவுக்கும் திடலுக்கும் போனது எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். பங்குனி, சித்திரை விடுமுறைக் காலத்தில் மாலைதோறும் திடலில் விளக்கும், குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்கட்டும். சடுகுடு ஆடட்டும் இளைஞர். நூல் படிக்கட்டும் முதியவர். தீப்பெட்டி ஒட்டிய கை கொஞ்சம் காற்று வாங்கட்டும்.

பொருட்காட்சியை ஒரு சமூகம் தன் உழைப்பால் நடத்துகிறது, பாராட்டுவோம். நகராட்சித் திடலோ எல்லாருடைய வரியால் எல்லாருக்கும் ஆனது. அங்கே சாதி கேட்கக் கூடாது, சீட்டுக் கேட்கக் கூடாது, சட்டையின் விலை கேட்கக் கூடாது. ஒரு காலத்தில் அடைத்த கதவின் முன் நின்ற ஊர்கள் இவை. அடைக்கப்பட்டவனின் வலி அறிந்த மண்ணில், அடைக்காத வாயில் ஒன்று வட்டந்தோறும் வேண்டும்.

பிடி அரிசியில் பள்ளி எழுப்பியவர்கள் நாம். கட்டிய வரியில் ஒரு திடல் கேட்கிறோம். மகமைக்குக் கணக்குக் காட்டிய ஊரில், வரிக்கும் கணக்குக் காட்டுங்கள்!