புகை அடங்கிய கரி

திருவானைக்காவலில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருப்பதைச் சாம்பிராணி மணமே தெருவுக்குச் சொல்லிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஊர். மார்கழி விடியலில் ஈரக்காற்று சில்லென்றிருக்கும். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாதென்று சன்னலைச் சாத்துவார்கள். குழந்தையின் தலைக்குப் புகை காட்டிய தூபக்கால், கதகதப்புக்காக அறை மூலையிலேயே இருக்கும். "புகைதான் அடங்கிவிட்டதே" என்பார் பாட்டி.

மாணவ நண்பர்களே, பாட்டியிடம் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டியது இங்கேதான். புகையின்றிச் சிவந்து கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். அடியில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, மேலே உள்ள கங்குகளின் ஊடே ஏறும்போது இன்னொரு கார்பன் அணுவைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மோனாக்சைடு மூலக்கூறுகளாகிவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் கரிக்காது.

கொல்வதற்கு எவ்வளவு கரி வேண்டும்? கணக்கிடுவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள அறையில் ஏறத்தாழ 28,000 லிட்டர் காற்று உண்டு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மோனாக்சைடு இருந்தாலே சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அதாவது 28 லிட்டர். அதற்கு வேண்டிய கார்பன் சுமார் 14 கிராம்தான்! தூபக்காலில் அதைவிடப் பல மடங்கு கரி இருக்கும். எல்லாமே மோனாக்சைடாகிவிடாது, சன்னல் இடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறும் என்பது உண்மையே. அந்த இடுக்கை நம்பியா குழந்தையைத் தூங்கவைப்பது?

2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானல் சென்ற நண்பர்களில் இருவர், இறைச்சி சுட்ட கரியடுப்பு இருந்த அறையில் உறங்கினார்கள், காலையில் எழவில்லை.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தரையில் படுத்தாலும் தப்ப முடியாது. இதன் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி 29; எங்கும் சமமாகக் கலந்துவிடும்.

ஆகவே தூபக்கால் முற்றத்துக்குப் போகட்டும். ஜெனரேட்டரும் வீட்டுக்குள் வேண்டாம். அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் கதவைத் திறந்து, எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். கரி எரிந்ததைத் தவறாமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். மோனாக்சைடு ஏறிய இரத்தமும் சிவப்புதான். அந்தக் கருவிக்கு இரண்டும் ஒன்றே.