குழாயில் அடைபட்ட காற்று

நீர் ஓடுதற்கென அமைந்த குழாயினுள்ளே காற்றுப் புகுந்து தங்குமாயின் அந்நீரின் ஓட்டம் தளர்வதும், சிலவிடத்து முற்றாக நின்றுபோவதும் நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சிகளாகும். எமது தொழிலாளர் இதனை ‘எயர் பிடித்துவிட்டது’ என்பர். அதனை நீக்குவதை ‘எயர் எடுத்தல்’ என்பர். எழுவான்கரையிலே வீட்டுக் கிணற்றுப் பம்பியாயினும், படுவான்கரை வயலிலே உழவு இயந்திரத்தின் டீசல் குழாயாயினும் சொல் ஒன்றே. ஆங்கிலேயர் இச்செயலைக் குருதி வடித்தல் எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவர். அவர்தம் நாட்டில் முன்னாளில் மருத்துவர் நோய் தீர்க்கக் குருதி வடித்த வழக்கம் அதற்கு அடிப்படையாதல் கூடும். வெளிச்செல்வது காற்றேயாதலின் நம் தொழிலாளரின் சொல்லே செம்மையானதென்று யான் கருதுகின்றேன்.

இது சிறு பொருளன்றோ, இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமோ என்று வினவுவார் உளராகலாம். பம்பியின் ஆளியைப் போட்டதும் மோட்டர் இரைகின்றது; குழாயில் நீர் வருவதில்லை. வீட்டார் பம்பி பழுதென்று முடிவு செய்து ஆளனுப்புகின்றனர்; ஆள் வருமுன்னர் பலமுறை போட்டுப் போட்டுப் பார்க்கின்றனர். நீரின்றிச் சுழலும் பம்பியினுள்ளே நீர் கசியாது காக்கும் அடைப்பு வெப்பத்தாற் கருகுகின்றது. அதுவரை பழுதில்லாதிருந்த பம்பி அப்பொழுதே உண்மையிற் பழுதாகின்றது. பௌதிகவியலிலே திரவ அமுக்கத்தைக் கற்றுப் பரீட்சையிற் சித்தியெய்திய இளைஞரும் இக்காட்சியின் முன்னே கைகட்டி நிற்கின்றனர். அரைமணி நேரத்தில் தம் கையாலேயே செய்துகொள்ளத்தக்க செயல் இது. ஆயினும் இதிற் செயலோடு நின்றுவிடாது கேட்கவேண்டிய கேள்வியொன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

மட்டக்களப்பு வாவி வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டின்மேல் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. இம்மணலிலே சில மீற்றர் ஆழத்திற் கிணறு தோண்டினாலே நன்னீர் காணலாம். முன்னாளில் துலாவும் வாளியும் இந்நீரை எடுத்தன. இக்காலத்தில் மின்பம்பி அதனைக் கூரைமேலுள்ள தாங்கிக்கு ஏற்றுகின்றது. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வந்துசேர்ந்த பின்னரும், குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகள் பல.

வீடுகளிற் பெரும்பாலும் காணப்படுவது மையநீக்கப் பம்பி. அதனுள்ளே இறக்கைச் சில்லொன்று சுழன்று நீரை விளிம்புக்கு வீசுகின்றது. வீசப்பட்ட இடத்தில் அமுக்கம் குறைகின்றது. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திநிற்கும் வளிமண்டலம், அக்குறைவை நிரப்புமாறு நீரைக் குழாய்வழி மேலே தள்ளுகின்றது. எனவே பம்பி நீரை ‘இழுக்கின்றது’ என்பது உலகவழக்கேயன்றி உண்மையன்று. வளிமண்டலத்தின் இவ்வலிமைக்கு எல்லையுண்டென்பதை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644இல் தாம் எழுதிய கடிதமொன்றில் விளக்கினார். அது தாங்கவல்ல இரசத்தூண் 76 சென்ரிமீற்றர். நீர்த்தூணாயின் ஏறத்தாழ 10.3 மீற்றர். உராய்வு முதலியவற்றாற் கழிவன போக, நடைமுறையில் ஏழு மீற்றர் அளவே நம்பத்தக்கது. எமது மணற்கிணறுகள் அவ்வாழத்தை அடைவது அரிது. ஆகவே ஆழத்தின்மீது பழி சுமத்துதல் இங்குப் பொருந்தாது.

அவ்வாறாயின் நீர் ஏறாமைக்குக் காரணம் யாது? பம்பியொன்று இருபது மீற்றர் உயரத்துக்கு நீரைத் தள்ளவல்லதெனக் கொள்வோம். உள்ளே காற்று நிரம்பியிருப்பின் அது தள்ளவல்லது இருபது மீற்றர் உயரக் காற்றுத்தூணையே. காற்றோ நீரினும் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு இலேசானது. ஆதலின் அச்சில்லு உண்டாக்கும் அமுக்க வேறுபாடு இரண்டரைச் சென்ரிமீற்றர் நீர்த்தூணுக்கே சமனாகும். கிணற்று நீர் குழாயினுள்ளே ஓரங்குலம் ஏறி அங்கேயே நின்றுவிடும். மோட்டர் நாள்முழுதும் சுழலினும் பயனில்லை. பம்பியிற் குறையில்லை, அது பற்றிக்கொள்ளத்தக்க பாரமான பொருள் அதனுள் இல்லை, அவ்வளவே.

நீக்கும் முறைக்கு வருவோம். முதலிற் செய்யவேண்டியது மின்னை நிறுத்துதல். பம்பியின் ஆளியை மட்டும் நிறுத்தினாற் போதாது. முதன்மை ஆளியையும் நிறுத்தல் வேண்டும். ஈரநிலம், ஈரக்கை, 230 வோல்ற்று மின்சாரம் மூன்றும் கூடுமிடத்து உயிர்போவதற்கு ஒரு நொடி போதும். வீட்டில் ‘ட்ரிப் சுவிட்ச்’ இருக்கின்றதென்னுந் துணிவில் இதனைக் கைவிடலாகாது. பின்னர்ப் பம்பியின் தலையிலுள்ள அடைப்பாணியைக் கழற்றி, அத்துவாரத்தின்வழி நீரை மெல்ல ஊற்றுக. விரைந்து ஊற்றினால் வரும் நீர் போகும் காற்றின் வழியை மறிக்கும். குமிழிகள் எழுந்து அடங்கும்வரை பொறுத்து மீண்டும் ஊற்றுக. நீர்மட்டம் துவாரத்தின் விளிம்பில் அசையாது நிற்குமாயின் காற்று அகன்றதென்று கொள்ளலாம். தாங்கிக்குச் செல்லும் குழாயில் வால்வு இருப்பின் அதனைத் திறந்துவிடுக. எஞ்சிய காற்று வெளியேற வழி வேண்டும். அடைப்பாணியின் புரிகளில் நாடா சுற்றி இறுக்கி, கையைத் துடைத்து, மின்னை இடுக. இரண்டொரு நிமிடத்தில் நீர் வாராவிடின் நிறுத்தி மறுமுறை ஊற்றுவதே முறை. பொறுமையின்மையாற் கருகிய பம்பிகள் முதுமையாற் பழுதானவற்றினும் மிகுதி என்று தோன்றுகின்றது.

காற்றுப் போயிற்றா என்பதைக் கண்ணினும் செவி விரைந்து அறியும். நிலாக்காலத்திலே கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மேல்நுனியிற் காதை வைத்து மீனின் பாட்டைக் கேட்கும் வழக்கம் எம்மவர் அறிந்ததே. நீரினுள் எழும் ஒலி திண்பொருள்வழி தெளிவாக வருமென்னும் உண்மையே அங்கும் பயன்படுகின்றது. தேர்ந்த தொழிலாளர் திருகாணி முறுக்கியின் நுனியைப் பம்பியின் உடலிலே ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பர். நீர் நிறைந்த பம்பி ஒரே சீராக முழங்கும். காற்றுக் கலந்ததோ பரற்கற்களைத் தகரத்தில் உருட்டினாற்போலக் கரகரக்கும்.

தாங்கியிலிருந்து கீழே வரும் குழாயிலும் காற்று அடைபடுதல் உண்டு. இங்கே மோட்டரின் குறையென்று சொல்ல இடமேயில்லை. ஆயினும் தாங்கி நிறைந்திருக்க, குளியலறைக் குழாய் உலர்ந்து நிற்கும். கட்டுவோர் வளைக்குமேல் ஏற்றி மறுபுறம் இறக்கிய குழாயின் மேட்டிலே காற்றுத் தங்கும். நீர் அக்காற்றைச் சிறிதளவு தள்ளி, இறங்கும் கால் முழுவதையும் காற்றால் நிரப்பிவிடும். காற்றின் நிறை அற்பமாதலின், அந்த இறக்கத்தினாற் பெறவேண்டிய அமுக்கம் முழுவதும் இழக்கப்படும். தாங்கிக்கும் குழாய்வாய்க்கும் மூன்று மீற்றர் உயரமிருக்க, ஒவ்வொரு மீற்றர் இறக்கமுள்ள மேடுகள் மூன்று வழியில் இருப்பின், மூன்றும் காற்றால் நிரம்பியபோது எஞ்சும் அமுக்கம் ஒன்றுமில்லை; ஒரு சொட்டும் வாராது. மற்றைய வாய்களை மூடி, மிகத் தாழ்ந்த வாயிலே இறப்பர்க் குழாயைப் பொருத்தி, பம்பி நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினால் காற்றுத் தாங்கிவழி வெளியேறும். நிலையான பரிகாரம் வேண்டுவோர் மேட்டின் உச்சியில் ஒரு சிறு குழாயை நிறுத்தி, தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேலே திறந்துவிடுதல் வேண்டும்.

எமது பழைய மாணவர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிற்சர்லாந்திலும் குடியிருக்கின்றனர். அங்கும் இக்காற்று அவர்களை விட்டபாடில்லை. பல வீடுகளிற் கொதிகலத்திலே சூடாக்கிய நீர், குழாய்வழி அறைதோறும் சென்று, சுவரோடு பொருந்திய ‘ரேடியேற்றர்’ என்னும் இரும்புப் பலகையினுள்ளே சுழன்று திரும்புகின்றது. அப்பலகையின் அடி சுட, தலை குளிர்ந்திருக்குமாயின் உள்ளே மேற்பகுதியிற் காற்று நிற்கின்றதென அறியலாம். நீரைச் சூடாக்கும்பொழுது, கொதிக்குமுன்னரே பானையின் பக்கங்களிற் சிறு குமிழிகள் அரும்புவதைக் கண்டிருப்போம். தண்ணீரிற் கரைந்திருந்த காற்று வெப்பத்தாற் பிரிவதே அது. ரேடியேற்றரிலும் அதுவே நிகழும். சுடுகலத்தை நிறுத்தி ஆறவிட்டு, பலகையின் மேல்மூலையிலுள்ள சிறு திருகாணியை அதற்குரிய சாவியாற் கால்வட்டம் அல்லது அரைவட்டம் தளர்த்த, காற்றுச் சீறிக்கொண்டு வெளிவரும். கீழே துணியைப் பிடித்திருந்து, நீர் தடையின்றி வரத்தொடங்கியதும் மூடுதல் வேண்டும். மாடிவீடாயின் கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி மேலே செல்வர். இறுதியில் அமுக்கமானியைப் பார்த்து, குளிர்ந்த நிலையில் ஒன்று முதல் ஒன்றரைப் பார் அளவுக்கு நீரை நிரப்புவர். பல குடியிருப்புகளுக்குப் பொதுவான சூடாக்கும் அமைப்பாயின் பொறுப்பாளரைக் கேளாது திருகாணியைத் தொடலாகாது.

திருகாணி தளரச் சீறிவருவது எப்பொழுதும் காற்றே என்பதற்கில்லை. உள்ளே இரும்பு துருப்பிடிப்பதால் ஐதரசன் வாயு உண்டாதலும் உண்டு. ஆதலின் அருகே தீ கூடாது. வாரந்தோறும் வாயு சேருமாயினும், வெளிவரும் நீர் மைபோற் கறுத்திருப்பினும், திருகாணியைத் திருகிக்கொண்டிருத்தல் போதாது. இரும்பு கரைந்துகொண்டிருக்கின்றது, அல்லது எங்கோ கசிவு உண்டு. முன்னர்க் கூறுவாமென்ற கேள்வி இங்கே எழுகின்றது: அகற்றிய காற்று எவ்வழியாக வந்தது?

கிணற்றுப் பம்பிக்கும் இக்கேள்வி பொருந்தும். ஒருமுறை நீர் ஊற்றியபின் மாதக்கணக்கில் ஓடுமாயின் கவலையில்லை. காலைதோறும் ஊற்றவேண்டியிருப்பின் முதற்கண் ஐயுறத்தக்கது குழாயின் கீழ்நுனியிலுள்ள அடிவால்வு. தொழிலாளர் ‘புட் வால்வு’ என்பது. நீர் மீண்டும் கிணற்றுக்கு இறங்காது தடுப்பது அதன் வேலை. ஒரு மணற்பரலோ வேர்த்துணுக்கோ சிக்கினால் அது முற்றாக மூடாது. இரவிலே நீர் இறங்கக் காற்று ஏறும். வால்வு நன்றாயிருப்பின் அடுத்து மூட்டுகளை நோக்குக. பம்பி ஓடும்போது மூட்டிலுள்ள நுண்துளை காற்றை உள்ளிழுக்குமாதலால் வெளியே ஒன்றும் தெரியாது. பம்பியை நிறுத்தி, தலைத்துவாரம்வரை நீரால் நிரப்பி வைத்தால் அவ்விடத்தே ஈரங் கசியும். கிணற்றிலிருந்து வரும் குழாய் பம்பியை நோக்கி எங்கும் ஏறுமுகமாகவே இருத்தல் வேண்டும். இடையே வளைந்து மேடிட்டால் அங்கே காற்றுக் குடியிருக்கும்.

வால்விலும் மூட்டிலும் குறையில்லாதிருந்தும், சித்திரை கழிந்து கச்சான் காற்று வீசுங் காலத்திலே பம்பி காற்றுப் பிடிக்கின்றதாயின் கிணற்றை எட்டிப் பார்த்தல் வேண்டும். நீர்மட்டம் அடிவால்வை நெருங்கியிருக்கும். அப்பொழுது பெரும்பாலார் செய்வது குழாயை மேலும் ஒரு முழம் இறக்குதல். தொழில்முறையில் அது சரியே. மணற்றிட்டிலோ அது கேட்டுக்கு வழியாகலாம். எமது நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லைபோல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபனும், 1901இல் ஜேர்மானியர் ஹேர்ஸ்பேர்க்கும் இதன் கணக்கைக் கண்டனர். நன்னீரின் அடர்த்தி 1000 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1025. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நிற்கும். மறுதலையாக, மேலே ஒரு சாண் குறைந்தால் கீழிருந்து உவர்நீர் நாற்பது சாண் ஏற முற்படும். ஓரிடத்தில் விரைந்து இறைத்தால் அவ்விடத்தின் கீழே உவர்நீர் கூம்புபோல் எழும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. அதன்பின் நல்லெண்ணத்தோடு கிணறுகள் பம்பிகளால் மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்டன. பின்னர் ஆராய்ந்தோர் அவ்வாறு திரும்பத் திரும்ப இறைத்தமையாற் பயன் சிறிதென்றும், சிலவிடத்து உவர் நீடிக்க அது ஏதுவாயிற்றென்றும் கண்டனர். உப்பைக் கழுவியது வடகீழ்ப் பருவமழையே.

ஆதலின் கச்சான் மாதங்களிற் பம்பி காற்றுப் பிடிக்குமாயின், அடிவால்வை இறக்குமுன் கிணற்றுச் சுவரிலே நீர்மட்டத்துக்கு ஒரு கோடிட்டு, பம்பியை அன்று நிறுத்தி, மறுநாட் காலை மட்டம் எவ்வளவு ஏறியுள்ளதென்று பார்க்க. ஏறியிருப்பின் குழாய் இருந்தவிடத்திலேயே இருக்கலாம். ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பாது, காலையிற் பத்து நிமிடமும் மாலையிற் பத்து நிமிடமும் இறைத்தாற் போதும். ஏறாதிருப்பின், மழை பெய்யும்வரை வாளியே நல்லது.