மெடிக்கல் சீட்டும் பதினொன்றாம் எண்ணும்

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் கோடை முழுக்க ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு நிற்கும், கவுன்சலிங் எப்போது, எம்.பி.சி.யில் எத்தனை சீட், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஏழரை சதவீதத்தில் வாய்ப்பு இருக்கிறதா? அப்பா செல்போனில் ரேங்க் பட்டியலைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அம்மா சாதிச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பத்திரப்படுத்துவார். அரசியல் சட்டத் திருத்தம் என்ற சொல் அந்த வீட்டில் ஒருமுறைகூடக் காதில் விழாது. ஆனால், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு வந்ததும், அந்தப் பட்டியல் இப்படிப் பிரிந்ததும், நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் சென்னையைவிட்டு நகர்ந்ததும் திருத்தங்களால்தான். 2023 வரை இந்திய அரசியல் சட்டம் 106 முறை திருத்தப்பட்டிருக்கிறது. அதில் முதல் திருத்தமே சென்னையின் மெடிக்கல் சீட்டில் இருந்து புறப்பட்டதுதான்.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத 1950 ஜூன். அன்றைய சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்கள் ‘கம்யூனல் ஜி.ஓ.’ என்று எல்லோரும் அழைத்த வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. கணக்கு 14 இடங்களுக்குப் போடப்படும். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. நான்கு மருத்துவக் கல்லூரிகளிலுமாகச் சேர்த்து மொத்தமே 330 இடங்கள்தான். செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண், இந்த ஆணை தனது அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று உயர் நீதிமன்றம் சென்றார். பொறியியல் இடம் கேட்டு சி.ஆர்.சீனிவாசன் என்பவரும் வழக்குப் போட்டார். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. அதனால் வழக்கு நிற்காமல் போகவில்லை.

உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதை உறுதி செய்தார்கள். அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கலாம் என்று 16ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய 29ஆம் பிரிவில் அப்படி ஒன்றைக் காணோமே என்று கேட்டது நீதிமன்றம். சட்டத்தை எழுதியவர்கள் வேலைக்கு யோசித்ததைப் படிப்புக்கு யோசிக்காமல் விட்டார்கள். விட்டுப்போனது ஒரு வாக்கியம். அது இல்லாததால், நீதிக்கட்சிக் காலம் தொட்டுப் பாடுபட்டுக் கட்டிய ஏற்பாடு ஒரே தீர்ப்பில் சரிந்தது.

தமிழகம் கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். திராவிட முன்னேற்றக் கழகமும் போராடியது. காங்கிரஸுக்குள்ளேயே காமராஜர் டெல்லிக்கு அழுத்தம் கொடுத்தார். தீர்ப்பு வந்து ஐந்தே வாரத்தில், மே 12 அன்று, நேரு முதல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். சென்னையில் நடந்தவற்றால்தான் இந்தப் பிரச்சினை எழுந்தது என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை என்று அவையிலேயே சொன்னார். ஜூன் 18இல் மசோதா சட்டமானது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கியவர்களுக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) உட்பிரிவு பிறந்தது அன்றுதான். இன்று தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று ஒருவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும்போது, அதற்குப் பின்னால் இந்த உட்பிரிவும் இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் அது பாதிக் கதை. அதே திருத்தத்துக்குள் இன்னொரு வேலையும் நடந்தது. பம்பாயில் இருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று 1950 மார்ச்சில் இதே சென்னை அரசு தடை போட்டிருந்தது. பொது ஒழுங்கைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைத் தடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பதிலாக முதல் திருத்தம் 19ஆம் பிரிவில் ‘பொது ஒழுங்கு’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டது. ஆக, ஒரே சட்டம் பின்தங்கியவருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது; எழுதுபவரின் கையையும் பிடித்தது. சியாம பிரசாத் முகர்ஜி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விவாதம் வீண் போகவில்லை. கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருக்க வேண்டும் என்ற ஒரு சொல், மசோதாவின் முதல் வடிவத்தில் இல்லாதது, தேர்வுக் குழுவில் சேர்க்கப்பட்டது. இன்றுவரை பத்திரிகையாளர்களும் சாதாரணக் குடிமக்களும் நீதிமன்றத்தில் அரசின் தடை உத்தரவை எதிர்க்கப் பிடித்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். மசோதாவாக இருக்கும்போதே அதை வரிவரியாகப் படித்துச் சண்டை போடுவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆட்சியில் இருப்பவர்கள் திருத்தத்தைத் தங்களுக்காகவே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்தது. நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் சொன்னார்கள். ஆறு பேர் ஒப்பவில்லை. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் நின்ற வேலி அது. இரண்டு ஆண்டில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது, 1976 நவம்பரில் 42ஆவது திருத்தம் நிறைவேறியது. மக்களவையின் ஆயுளை ஐந்தில் இருந்து ஆறு ஆண்டாக்கியது. திருத்தங்களை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றது.

அடுத்து வந்த ஜனதா ஆட்சி 1978இல் 44ஆவது திருத்தத்தால் நிறையச் சரிசெய்தது. மக்களவையின் ஆயுள் மறுபடியும் ஐந்து ஆண்டானது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற நழுவலான காரணத்தைச் சொல்லி இனி நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நீதிமன்றத்தில் கோரும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது. அந்த உரிமை இல்லாமல் இருபத்தொரு மாதம் வாழ்ந்த மக்கள் அதன் விலையை அறிந்திருந்தார்கள்.

மெடிக்கல் சீட்டுக்குத் திரும்புவோம். 1992இல் மண்டல் வழக்கில் இட ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் அப்போதே 69 சதவீதம். பி.சி. 30, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1. ஜெயலலிதா அரசு சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றியது. 1994 ஆகஸ்டில் 76ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் 257ஏ என்ற எண்ணில் சேர்த்தது. அந்த அட்டவணையும் முதல் திருத்தத்தின் படைப்புதான்; ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை வழக்குகளில் இருந்து காப்பாற்ற 1951இல் கட்டிய அறை. அந்த அறைக்கு இப்போது பழைய பூட்டு இல்லை. கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் தொடர்பான ஐ.ஆர்.கொயலோ வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு உள்ளே வந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு அளவுகோலால் சோதிக்கலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நம் 69 சதவீதமும் அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததுதான்.

2005இல் 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளுக்கும் ஒதுக்கீட்டை நீட்டித்தது. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் தந்த 103ஆவது திருத்தமோ, மக்களவையில் அறிமுகமான அதே நாளில், ஜனவரி 8இல், நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் முடித்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை மூன்றுக்கு இரண்டு என்று ஏற்றது. தமிழ்நாடு ஏற்கவில்லை. அதன் சரி தவறு ஒருபக்கம் இருக்கட்டும். 1951இல் ஒரு சொல்லைச் சேர்க்கக் கிடைத்த அவகாசம்கூட 2019இல் யாருக்கும் கிடைக்கவில்லை என்பது வருத்தமானது, தவறானது.

இனி நீட். நுழைவுத் தேர்வை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நீட்டில் இருந்து விலக்குக் கேட்ட 2021ஆம் ஆண்டு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரே மாநிலம், ஒரே கோரிக்கை, இரண்டு பதில்கள். ஒப்புதலுக்காக டெல்லி வாசலில் ஏன் நிற்க வேண்டும்? கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் தொடக்கம் முதலே ஒன்றிய அரசிடம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால், பல்கலைக்கழகம் உட்படக் கல்வி என்ற துறை மாநிலத்தின் கையில்தான் இருந்தது. அதை எடுத்துச் சென்றது அதே 42ஆவது திருத்தம். அதன் 57ஆம் பிரிவு. 1978இல் 44ஆவது திருத்தம் எத்தனையோ விஷயங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. இதைக் கொண்டுவரவில்லை.

ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துப் பட்டியலிடும் ஏழாவது அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது, பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டிருந்தது, சட்டமன்றமும் இல்லை. கல்வி கைமாறிய அந்த நாட்களில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தமிழ்நாட்டுக்கு ஒரு சபையே கிடையாது.

அரசியல் சட்டப் புத்தகம் கையில் கிடைத்தால் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். 10ஆம் எண்ணில் இடுகாடும் சுடுகாடும். 12ஆம் எண்ணில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும். நடுவே 11 இருந்த இடத்தில் நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது.