சுபாவமா, கண்ணா?

மும்பை திலக் நகரில் ஒரே சொசைட்டி, ஒரே பள்ளி, ஒரே ட்யூஷன் என்று வளரும் ஒருகரு இரட்டையரை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் புத்தகத்தை எடுத்தால் வைக்கமாட்டான். பத்து நிமிடம் பிந்திப் பிறந்தவனோ ஐந்து வரி படித்ததும் கண்ணைக் கசக்குவான், தலை வலிக்கிறது என்பான், பந்தோடு கீழே ஓடிவிடுவான். "அவன் சுபாவமே அப்படி" என்று பாட்டி முடித்துவிடுவார். அதற்கு முன் கண்ணை ஒருமுறை பார்த்துவிடலாம்.

எழுத்துப் பலகைக்குச் சிக்காத குறை

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. படிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து மூக்குப் பக்கம் திரும்பி நிலைக்கவேண்டும். நிலைக்காவிட்டால் எழுத்து இரட்டையாகும், வரி தவறும், தலை வலிக்கும். இது குவிவுக் குறைபாடு. தூரத்துப் பலகையை இந்தப் பிள்ளை கடகடவென்று வாசித்துவிடுவான். அதனால் பள்ளிக் கண் பரிசோதனையில் தப்பிவிடுவான். தமிழ்நாட்டில் 920 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு இருகண் ஒத்துழைப்பில் ஏதோ குறை இருந்தது. அதிலும் குவிவுக் குறைபாடே அதிகம்.

மரபணு ஒன்று, பிள்ளைகள் இரண்டு

கண்ணில் வரும் இன்னொரு குறையான மாறுகண் குடும்பத்தில் தொடரும்தான். ஆனால் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் வருவதும் உண்டு. குணமும் அப்படித்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்ட் 1979இல் தொடங்கிய இரட்டையர் ஆய்வு, குண வேறுபாட்டில் சுமார் பாதியைத்தான் மரபணுவின் கணக்கில் எழுதியது. மீதிக்குக் காரணம் பல. ஆகவே இளையவனின் விளையாட்டுப் புத்திக்கெல்லாம் கண்தான் காரணம் என்பதும் தப்பு. அமெரிக்காவில் குவிவுக் குறைபாடுள்ள 311 பிள்ளைகளிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், கண் பயிற்சியால் கண் குவிவது தேறியது. வாசித்துப் புரிந்துகொள்வதிலோ போலிப் பயிற்சியைவிட ஆதாயம் இல்லை. கண் பயிற்சியால் மார்க்கும் குணமும் மாறும் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

எப்போது, எங்கே

நான்கு மாதம் தாண்டியும் குழந்தைக்கு மாறுகண் தெரிந்தால் 'அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடக்கூடாது. மூளை அந்தக் கண்ணை ஒதுக்கி, சோம்பேறிக் கண்ணாக்கிவிடும்.

பெரிய பிள்ளை என்றால் பென்சில் முனையை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு வெளியிலேயே இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு கண் விலகினாலோ கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். திலக் நகரில் ஏறி, குர்லாவில் வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கே மாநகராட்சியின் லோக்மான்ய திலக் மருத்துவமனை இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது இரு கண்ணும் சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

போகும்போது மூத்தவனையும் கூட்டிப்போங்கள். அவன் இதுவரை எதுவும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.