ஏழரையா, எட்டரையா?

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரில் ஒரு பெண் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, ஜெர்மனிக்கு வேலைக்குப் போகத் தீர்மானிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்காத காரியமல்ல. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆள் பஞ்சம். நம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளுக்கு ஜெர்மன் கற்பிக்க முன்வந்திருக்கிறது. ஆகவே அவள் பாடப் புத்தகத்தைப் பிரிக்கிறாள். பொழுதுகளின் பெயர்கள் வருகின்றன.

ஆரம்பம் என்னவோ சுகமாகத்தான் இருக்கிறது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தவர்கள் அல்லவா நாம்? ஜெர்மானியரும் ஆறு வைத்திருக்கிறார்கள்: மோர்கென், ஃபோர்மிட்டாக், மிட்டாக், நாஹ்மிட்டாக், ஆபெண்ட், நாஹ்ட். 'மிட்டாக்' என்பது நண்பகல். 'முன்' என்று பொருள்படும் 'ஃபோர்' சேர்ந்தால் முற்பகல். 'பின்' என்னும் 'நாஹ்' சேர்ந்தால் பிற்பகல். அப்படியே நம் வீட்டுச் சரக்கு!

பிறகுதான் வம்பு. 'மோர்கென்' என்றால் காலை. நாளைக்கும் அதே 'மோர்கென்'தான். அப்படியானால் நாளைக் காலைக்கு 'மோர்கென் மோர்கென்' என்பார்களோ? மாட்டார்கள். 'நாளை சீக்கிரம்' என்று பொருள்பட 'மோர்கென் ஃப்ரூ' என்று சாமர்த்தியமாக நழுவிவிடுவார்கள்.

மணி சொல்வது இதைவிடப் பெரிய வம்பு. ஏழுக்கு மேல் அரை மணி ஆனால் நமக்கு ஏழரை. அவர்களுக்கோ 'ஹால்ப் ஆஹ்ட்', அதாவது 'அரை எட்டு'! எட்டாவது மணியில் பாதி ஆகிவிட்டது என்பது கணக்கு. கிழக்கிலும் தெற்கிலும் சில பகுதிகளில் ஏழேகாலைக் 'கால் எட்டு' என்றும், ஏழேமுக்காலை 'முக்கால் எட்டு' என்றும்கூடச் சொல்வதுண்டு.

நமக்கு வேடிக்கை, கடத்தூர்ப் பெண்ணுக்கு அப்படியல்ல. நோயாளிக்கு 'ஹால்ப் ஆஹ்ட்'டுக்கு இன்சுலின் போடு என்று மூத்த நர்ஸ் சொல்கிறாள். இவள் காதில் எட்டும் விழுகிறது, அரையும் விழுகிறது. எட்டரை என்று எண்ணிக்கொண்டால் ஒரு மணி நேரம் தாமதம்! நல்லவேளையாக, எழுத்தில் ரயில் அட்டவணைபோல 7.30, 19.30 என்று 24 மணிக் கணக்கு உண்டு. வாய்ப்பேச்சில் சந்தேகம் வந்தால், கூச்சப்படாமல் அந்தக் கணக்கிலேயே திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. இரவு டியூட்டிக்குப் போனதும், இருட்டிவிட்டதே என்று 'கூட்டெ நாஹ்ட்' சொல்லிவிடக் கூடாது. அது படுக்கப் போகிறவர்கள் சொல்வது. வேலைக்கு வருகிறவள் 'கூட்டென் ஆபெண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும், தூக்கம் எவ்வளவுதான் கண்ணைச் சுற்றினாலும்!